எப்பிங் காட்டில் ஒரு கிடாய்

எங்கள் அப்பாவுக்கு ஒரு வியாதி இருந்தது. யாராவது ஒன்றைப் பிழையாகச் சொல்லிவிட்டால் அதைத் திருத்தாமல் அவரால் இருக்க முடியாது. யோனாவைச் சுறா விழுங்கியது என்று பிரசங்கத்தில் வாய் தவறிச் சொன்ன சுவாமியாரை, பூசை முடிந்ததும் கோவில் வாசலில் மறித்து, “ஃபாதர், வேதத்தில பெரிய மீன் எண்டுதான் கிடக்கு, சுறா எண்டு இல்லை” என்று சொல்லி, அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் வழியை விட்டார். தொலைக்காட்சியில் வெயில் மழை சொல்லுகிற பெண்ணையும் விடமாட்டார். வெயில் என்று அந்தப் பெண் சொன்ன நாளில் மழை பெய்தால், நனைந்த ஜாக்கெட்டைக் கழற்றாமலே தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து நின்று விளக்கம் கேட்பார். என் வீட்டுப்பாடக் கொப்பி அவர் கையில் அகப்பட்டால் அன்றைக்கு எனக்கு விளையாட்டு இல்லை.

ஆகவே எனக்குப் பத்து வயதாக இருந்த ஒரு ஏப்ரலில் அப்பா யாரையும் திருத்தாமல் விட்டபோது, உண்மையைச் சொல்லுகிறேனே, எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். மன்னாரில் அப்பாவின் தகப்பன், என் அப்பப்பா, செத்துப்போயிருந்தார். அப்பாவிடம் போய்வருவதற்கான விசாப் பேப்பர் இருக்கவில்லை. அடக்கத்தை அவர் லண்டனில் எங்கள் வால்தம்ஸ்டோ வீட்டுச் சமையலறையில் நின்றபடி போனில் கேட்டார். அதன்பிறகு வேலைக்குப் போவார், வருவார், சோபாவின் ஒரு ஓரத்தில் இருப்பார். கேட்டால் “ம்” என்பார். கோவில் ஆட்கள் ஒருவர் மாறி ஒருவராகச் சாப்பாட்டுச் சட்டியோடு வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து, செபமாலை சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் அவர் “ம்” என்றார். ஒருநாள் பரிசோதித்துப் பார்ப்பதற்காக அவருக்குக் கேட்கும்படி, ஏழெட்டு ஐம்பத்திநாலு என்று சத்தமாகச் சொன்னேன். அதற்கும் “ம்” என்றார். நான் மகிழ்ச்சியில் துள்ளிக்கொண்டு போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தியை வைத்துவிட்டுப் போய் அப்பாவை எட்டிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்தில் அந்தத் தாளைத் தந்தார்கள். காட்டு மிருகங்கள் விட்டுச் செல்லும் அடையாளங்கள் பத்து: காலடி, பொந்து, எச்சம், கடித்துப்போட்ட மிச்சம் என்று பத்துப் படங்கள்; கீழே அந்த மிருகங்களின் படங்களும் கலந்து கிடந்தன. ஒவ்வொன்றையும் காட்டில் கண்ணால் கண்டு, கண்ட இடத்தையும் எந்த மிருகம் என்பதையும் எழுத வேண்டும். பத்தும் சரியாக எழுதியவர்களுக்கு, காட்டைப் பார்க்கிற அதிகாரி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வரும் ஆந்தையைக் கையில் வைத்திருக்க விடுவார்கள். உயிருள்ள ஆந்தை. எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளையின் தகப்பனிடம் தூரக்கண்ணாடியும் காட்டுக்கென்றே ஒரு தொப்பியும் இருந்தன. அவள் முதல் வாரமே எட்டு எழுதிவிட்டாள். எனக்கு அந்த ஆந்தை வேண்டும். ஆந்தை கிடைக்காவிட்டால் செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கிற நேரத்தில் அப்படி நினைக்கக் கூடாது என்றும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை தாளைக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் அப்பாவிடம் போய், “அப்பா, காட்டுக்கு வாறீங்களோ?” என்றேன். “ம்” என்றார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் வாசலில் நின்றேன். அது வருகிற “ம்” இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அழுதுகொண்டு நின்ற என்னைச் சித்தப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. ஜெர்மனியில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை. எட்மண்டனில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தார். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பாடு; அப்பப்பா செத்த பிறகு வேலை முடிந்ததும் தினமும் வந்துபோனார். அவருடைய வானுக்குள் ஏறினால் இறங்கும்போது தலைமயிர் சீமெந்துத் தூளில் நரைத்திருக்கும். போகும் வழியெல்லாம் தன் காட்டு அறிவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். ஜெர்மன் காட்டில் தனக்குத் தெரியாத மிருகமே இல்லையாம். நான் நம்பினேன்.

சிங்ஃபோர்ட் தாண்டி, எப்பிங் காட்டின் ஓரத்தில் வானை நிறுத்தினோம். அடையாளங்களைப் போட்டுக்கொள்ள என்று அம்மா தந்த பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை நான் கையில் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அந்த டப்பாக்களில் ஐஸ்கிரீமைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும். புல்வெளியில் முதல் அடி வைத்ததுமே, கறுப்பு மண் சின்னச் சின்னக் குவியலாகப் பத்துப் பன்னிரண்டு கிடந்தது. என் தாளில் அதற்குப் படம் இருந்தது. நான் பாய்ந்து போகச் சித்தப்பா என் சட்டைக் கழுத்தில் பிடித்து இழுத்தார்.

“கிட்டப் போகாதை பிள்ளை. புத்து. உள்ளுக்கு நாகம் இருக்கும்.”

“இங்கிலாந்தில நாகம் இல்லை சித்தப்பா.”

“ஆர் சொன்னது? அது வெளியில வாறேல்லை, குளிர். எழுது. ஒண்டு, கறையான் புத்து.”

எழுதினேன். அதன்பின் நடந்ததெல்லாம் ஒன்றுக்கொன்று மேல். அணில் நுனிவரை கொறித்துத் துப்பிய பைன் காயைத் தூக்கிப் பார்த்து, முயல் தின்று மிச்சம் விட்ட கரட் என்றார். ஆந்தை விழுங்கிய எலியின் எலும்பும் மயிருமாகக் கக்கிய உருண்டையைப் பார்த்து, யாரோ வெள்ளைக்காரன் எறிந்த சுருட்டு என்றார். முயலின் காலடியைக் காட்டினேன். கங்காரு என்றார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கங்காரு இல்லை. ஆனாலும் பெரிய ஆள் ஒருவர் இத்தனை உறுதியாகச் சொல்லும்போது பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? பென்சிலை நக்கி நக்கி எழுதிக்கொண்டு வந்தேன்.

ஒரு சரிவில், மரவேருக்கு அடியில் என் இடுப்பளவு அகலத்தில் ஒரு பொந்து. நான் குனிந்து எட்டிப் பார்த்தேன்.

“கையை விடாதை! அதுக்குள்ள பாட்ஜர் குட்டி போட்டிருக்கிற நேரம், கடிச்சுப்போடும்” என்று சித்தப்பா கத்தினார். பிறகு ஒரு கணம் நின்றுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, “அது வந்து, இது பங்கர். குண்டுக்கு ஒளிக்க ஆரோ வெட்டினது. எழுது, ஆறு, பங்கர்” என்றார்.

“மிருகத்தின்ர பேரெல்லோ எழுத வேணும்?”

“வெட்டினவன் மனிசன்தானே. மனிசனும் ஒரு மிருகம்தான். எழுது.”

தெரியாத்தனமாக ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட்டு அதையும் மாற்றுகிறாரே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தாளில் வளை தோண்டும் மிருகமாகப் படம் போட்டிருந்த ‘பாட்ஜர்’ என்று மெல்லிய எழுத்தில் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

கடைசியாக, பாதையோரப் புல்லில் பளபளவென்று கறுப்பாக ஒரு பிடி பிழுக்கை. சித்தப்பா முழங்காலில் இருந்தார். கண்ணை மூடினார். “ஆடு” என்றார். “கிடாய். மூண்டு வயசு. நல்ல கொழுப்பு.”

என் தாளில் ஆடே இல்லை என்று சொன்னேன். பள்ளிக்கூடத்துக்குத் தெரியாத ஆடு என்றார். அதில் கொஞ்சத்தை ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் போட்டு, மூடியை வடிவாக அமர்த்தி, என் கையில் தந்தார்.

மத்தியானம் வீட்டில் எல்லோரும் சாப்பிட இருந்தோம். சித்தப்பா, “வாசி பிள்ளை, அப்பாவும் கேக்கட்டும்” என்றார். நான் தாளை விரித்து, ஒன்றிலிருந்து வாசித்தேன். கறையான் புற்று. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கரட். பிசைந்தார். சுருட்டு. பிசைகிற கை கொஞ்சம் மெதுவானது. கங்காரு என்றபோது அப்பாவின் காது அசைந்ததை நான் என் கண்ணால் கண்டேன். ஆனாலும் அடுத்த கவளத்தை உருட்டினார்.

“பத்து, ஆடு” என்று முடித்தேன்.

“கிடாய் எண்டு எழுது” என்றார் சித்தப்பா. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, “அண்ணி, கேளுங்கோ. சொந்தக்காரர் இல்லாத ஆடு. பின்னேரம் கோவில் பாட்டுக்குழுப் பெடியளோட ரெண்டு கயிறு கொண்டு போறன். அந்தோனியார் திருநாளுக்கு இந்த முறை கடையில இறைச்சி வாங்கத் தேவையில்லை. குடலை நீங்கள் எடுங்கோ.”

“தம்பி, உங்களுக்கென்ன விசரே?” என்றார் அம்மா. ஆனால் சொன்னவிதத்தில் கோபம் இல்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

சித்தப்பா போனை எடுத்துக் காதில் வைத்தார். “ஹலோ, ஓம், நான்தான். ஒரு கத்தியும் கொண்டு வாரும்…”

“ஆடோ?” என்றது ஒரு குரல்.

அது அப்பாவின் குரல். மூன்று வாரம் பாவிக்காததால் கரகரத்துப்போயிருந்தது.

“ஓமண்ணை, ஆடு.”

“காட்டுக்குள்ள ஆடு எங்கால வந்தது?”

“தப்பி வந்திருக்கும். பிழுக்கையைப் பார்த்தனான். கிடாய்.”

“எங்கை பிழுக்கை?”

நான் ஓடிப்போய் டப்பாவைக் கொண்டு வந்தேன். அம்மா அதை மீன்குழம்பு டப்பாக்களோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தக் கணத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் போட்ட சத்தத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. அப்பா இடது கையால் ஒரு பிழுக்கையை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் பிளந்தார். மணந்தார். சாப்பாட்டு மேசையில், சோற்றுக்கோப்பைக்கு மேலே.

“மடையா!” என்று கத்தினார். “டேய், இது மான்! ஒரு முனை கூரா இருக்கு, மற்ற முனையில குழி விழுந்து கிடக்கு, பார்! ஆட்டுப் பிழுக்கை இப்பிடியே இருக்கும்? ஆட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில பிறந்து வளர்ந்தவன் கதைக்கிற கதையே இது?”

“எனக்கு எப்பிடியண்ணை தெரியும்? நீங்கள்தானே ஆடு மேய்ச்சது. நான் கொய்யா மரத்தில எல்லோ ஏறி இருந்தனான்.”

“கயித்தோட போய் மானைப் பிடிச்சியள் எண்டால் பொலிஸ் உங்களைப் பிடிக்கும்! போனை வை! வையடா!” பிறகு என் கையிலிருந்து தாளைப் பறித்தார். ஒவ்வொரு வரியாக அவர் கண் இறங்க இறங்க முகம் சிவந்துகொண்டு வந்தது. “கங்காரு! என்ர பிள்ளை கங்காரு எண்டு எழுதிக்கொண்டு பள்ளிக்கூடம் போறதோ? சப்பாத்து எங்கை?”

சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழும்பிவிட்டார். அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிழுக்கை கிடந்த குளிர்சாதனப் பெட்டியைக் கழுவத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

அன்றைக்கு மழை தூறியது. அப்பா பூசைக்குப் போடுகிற கறுப்புச் சப்பாத்தோடேயே காட்டுக்குள் இறங்கினார். புற்று என்று சித்தப்பா சொன்ன மண்குவியலைக் காலால் தட்டி, “வாசல் இல்லை, கீழேயிருந்து தள்ளின மண். நிலத்துக்கு உள்ளுக்கு இருக்கிற சீவன். படத்தைப் பார், ஆர் மண்ணுக்குள்ள இருக்கிறது?” என்றார். அகழெலி என்று எழுதினேன். பாட்ஜர் என்ற ஒன்றை அவர் வாழ்நாளில் கண்டது கிடையாது. ஆனாலும் பொந்தின் வாசலில் ஈர மண்ணைக் குனிந்து பார்த்து, விரல்களை எண்ணி, “நரிக்கு நாலு விரல். இதுக்கு ஐஞ்சு. நகம் கரடி மாதிரி நீளம். தோண்டுற சாதி” என்றார். ஓரத்தில் மெல்லிசாக எழுதியிருந்ததைத் தடிப்பாக எழுதினேன். சித்தப்பா எங்களுக்குப் பின்னால், பொக்கற்றுக்குள் கை வைத்துக்கொண்டு வந்தார். இடையிடையே, “அப்ப இது முயல் இல்லையோ அண்ணை?” என்று கேட்டு, “வாயை மூடு!” என்று வாங்கிக்கட்டிக்கொண்டார்.

அதோடு நின்றால் பரவாயில்லை. எதிரே ஒரு வெள்ளைக்காரர் தன் மகனுக்குச் சேற்றில் கிடந்த காலடியைக் காட்டி, நரி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா நின்றுவிட்டார். எனக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். அவர் கையைப் பிடித்து இழுத்தேன். நடக்கவில்லை.

“எக்ஸ்கியூஸ் மீ சார். நோ ஃபாக்ஸ். டாக்” என்றார் அப்பா. பிறகு சேற்றில் குந்தி, ஒரு குச்சியை எடுத்து, முன்விரல் இரண்டுக்கும் பின்விரல் இரண்டுக்கும் நடுவில் குறுக்கே வைத்தார். நரியென்றால் குச்சி ஒன்றிலும் முட்டாமல் கிடக்குமாம், நாயென்றால் முட்டுமாம். குச்சி முட்டியது. அந்த மனிதரும் குந்தியிருந்து பார்த்தார். பிறகு அவர் இன்னொரு காலடியைக் காட்டிக் கேட்டார். அப்பா தனக்குத் தெரிந்த இருபது இங்கிலீஷ் சொற்களையும் கையையும் காலையும் வைத்துக் கால்மணி நேரம் கதைத்தார். வகுப்புப் பிள்ளைகள் யாரும் வந்துவிடக் கூடாதே என்று நான் ஒரு ஓக் மரத்துக்குப் பின்னால் நின்று அந்தோனியாரை மன்றாடினேன்.

திங்கட்கிழமை பத்துக்குப் பத்து. தூரக்கண்ணாடிக்காரரின் மகளுக்கு ஒன்பது. ஆந்தையை என் கையில் வைத்தார்கள். நினைத்ததைவிடப் பாரம் குறைவு. அது என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையை மற்றப் பக்கம் திருப்பி, என் ஸ்வெட்டர் கையில் எச்சம் போட்டது. அப்பா வேலையால் வந்து அதைப் பார்த்து, ஆந்தைக்கு இரை போட்டவர்கள் சரியான இரை போடவில்லை என்று ஒரு விரிவுரை வைத்தார். எனக்குக் கிடைத்த விடுதலை முடிந்துபோனது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று அன்றிரவே எழுத வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கோவில் ஆட்கள் கொஞ்சப் பேர் சாப்பிட வந்திருந்தார்கள். அப்பா கதையைச் சொன்னார். எப்படிச் சொன்னார் தெரியுமா! எழும்பி நின்று, சித்தப்பா முழங்காலில் இருந்து கண்ணை மூடியதை நடித்துக் காட்டினார். அதை அவர் பார்க்கவேயில்லை, நான் சொல்லித்தான் தெரியும். “ஜெர்மனியில பத்து வருசம் இருந்தவராம், கங்காருவாம்!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பாட்டுக்குழு அண்ணை ஒருவர் சிரித்துப் புரைக்கேறி வெளியே போனார். சித்தப்பா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அம்மா மீன்குழம்பில் இருந்த தலைத்துண்டை எடுத்துச் சித்தப்பாவின் கோப்பையில் வைத்தார். எங்கள் வீட்டில் தலைத்துண்டு அப்பாவுக்குத்தான். பத்தும் சரியாகச் சொன்ன ஆள் இருக்க, பத்தும் பிழையாகச் சொன்ன ஆளுக்கு ஏன் தலை வைக்கிறார் என்று எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. அவர் கதையில் நரியின் காலடிக்குப் போயிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் சித்தப்பா, வானுக்குள் ஏதோ சாமான் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று போனார். வரவில்லை. வட்டிலப்பம் ஆறுகிறது, போய்க் கூப்பிடு என்று அம்மா என்னை அனுப்பினார். அந்த இனிப்பில் ஒரு துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு போனேன். சித்தப்பா டிரைவர் சீட்டில் இருந்தார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதுகொண்டிருந்தார். பெரிய ஆம்பிளை ஒருவர் அழுது நான் கண்டது அதுதான் முதல் தரம். அப்பா கூட அழவில்லை.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கண்ணாடியில் தட்டினேன். அவர் அவசர அவசரமாகச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்து, கதவைத் திறந்தார். எல்லோரும் சேர்ந்து சிரித்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நானும்தான் சிரித்திருந்தேன்.

“அழாதேங்கோ சித்தப்பா” என்றேன். “நீங்கள் ஒண்டு சரியாத்தானே சொன்னீங்கள், அந்தப் பாட்ஜர். அடுத்த வருசமும் தாள் தருவினம். அப்பாட்டை வடிவாக் கேட்டுப் பழகினால் உங்களுக்கும் பிடிபடும்.”

“ஓம் மகள்” என்றார். “பழகத்தான் வேணும்.” என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை, இரண்டுக்கும் தோள் ஒரே மாதிரித்தான் குலுங்கியது. என் மயிரெல்லாம் சீமெந்துத் தூள். வட்டிலப்பத்தை அவருக்குக் கரண்டியால் ஊட்டிவிட்டேன். அவருக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்ற பெருமையோடு உள்ளே வந்தேன்.

அவர் வேண்டுமென்றேதான் அத்தனையையும் பிழையாகச் சொன்னார் என்பது எனக்கு விளங்குவதற்கு ஐந்தாறு வருடம் எடுத்தது. அதுவும் சும்மா ஒருநாள் பள்ளிக்கூட பஸ்ஸில் இருந்தபோது விளங்கி, தனியாகச் சிரித்தேன். மற்றது விளங்க அதைவிட நாள் எடுத்தது. அந்த மூன்று வாரமும் சாப்பாட்டுச் சட்டியோடு வந்த கோவில் ஆட்கள் எல்லோரும் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தார்கள். அப்பாவின் கையைத்தான் பிடித்தார்கள். கதவைத் திறந்து, செருப்பை ஒதுக்கி, தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்ற சித்தப்பாவுக்கும் செத்தது அப்பாதான் என்பது, அவர் தோளில் சாய்ந்திருந்த அந்த நேரத்தில்கூட, எனக்குத் தோன்றவேயில்லை.